நட்டுக்கு நட்டு சிவப்புக் கோடு

முதலில் வலப்பக்கப் பின்சக்கரம். ஜெகநாதன் காக்கி அரைக்கால் சட்டையோடு தரையில் குந்தி, ஒவ்வொரு நட்டின் மேலும் தாம் இழுத்து வைத்த சிவப்புக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்க்கிறார். கோடு நட்டின் முகத்தில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, பக்கத்துத் தகட்டில் போய் முடிய வேண்டும். எவனாவது நட்டை ஒரு நூல் திருப்பியிருந்தாலும் கோடு இரண்டு துண்டாகிவிடும். துண்டாகாமல் இருந்தால் "ம்" என்று ஒரு சத்தம். நான்கு சக்கரங்கள், ஸ்டியரிங் கம்பிகள், பிறகு பானட்டைத் தூக்கி என்ஜினின் தலை, கார்புரேட்டரின் கழுத்து என்று மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு "ம்". அதற்குப் பிறகுதான் பல் துலக்கப் போவார்.

போர்ட் பிளேயரின் ஜங்லிகாட் சந்தில் அந்த நேரத்துக்கு மீன் கூடையோடு வரும் வங்காளிக் கிழவர் தினமும் கேட்பார்: "பூஜா ஹோ கயா, ஜெகன் பாபு?"  கிழவர் போனதும் ஜெகநாதன் அவர் நின்ற இடத்துக்குப் போய், காரின் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை சரிபார்ப்பார்.

"மீன் விக்க வந்தவனுக்கு எம் பூஜையப் பத்தி என்ன? சும்மா எவனும் கேக்க மாட்டான்" என்று உள்ளே பார்த்துச் சொல்வார். உள்ளே இருக்கும் நீலாவதி, அவர் மனைவி, அடுப்பைவிட்டு நகராமல், "அந்தாளு சிரிச்சதுக்கும் கோடு போட்டு வையிங்க" என்பார்.

'சும்மா எவனும் செய்ய மாட்டான்' என்பதுதான் ஜெகநாதன் உலகத்தை அளக்கும் கோல். ஐம்பத்தெட்டில் தூத்துக்குடியிலிருந்து மதராஸ் போய்க் கப்பல் ஏறி, போர்ட் பிளேயரில் இறங்கிய அன்றே அது அவர் கைக்கு வந்துவிட்டது. படகுத்துறையில் முன்பின் தெரியாத ஒருவன் அவருடைய இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு வரை வந்து, வைத்துவிட்டு, காசு கேட்காமல் போய்விட்டான். ஜெகநாதன் அங்கேயே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தார். எல்லாம் இருந்தது. இருபது வருடம் ஆகிறது. அன்று என்ன காணாமல் போயிற்று என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வேலை, ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கப்பலின் அடிவயிற்றுக்குப் பூசும் சிவப்பு பெயின்ட்டைத் தீக்குச்சி முனையில் தொட்டு நட்டுகளில் கோடு போடும் பழக்கம் அங்கே எல்லாருக்கும் உண்டு. நடுக்கடலில் என்ஜின் அதிர்ந்து நட்டு கழன்றால், கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றவர்கள் அதிர்வைக் கண்டுபிடிக்கக் கோடு போட்டார்கள். ஜெகநாதன் ஆளைக் கண்டுபிடிக்கப் போட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கார் ஒரு பழைய மோரிஸ் மைனர். ஐம்பத்தொன்றாம் வருடத்து வண்டி என்பார். பதிவுப் புத்தகத்தில் ஐம்பது என்று இருக்கிறது. எழுதியவன் சரியில்லை என்பது அவர் கட்சி. அரசாங்க ஏலத்தில் எடுத்தபோது உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதை ஓட வைத்தார். பிறகு வேகமாக ஓட வைப்பதற்காக அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். பம்பர் போயிற்று. கதவுக் கண்ணாடிகள் போயின. கூரையின் உள்துணி போயிற்று. பின் சீட் வீட்டுக்குள் வந்து சோபாவாக உட்கார்ந்தது. விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து, மூக்கைச் சுளித்து, பெட்ரோல் வாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். முன் சீட்டுகளுக்குப் பதில் படாக் மரப் பலகையில் தென்னை நார் திணித்த சாக்கு. என்ஜினின் தலையைப் பட்டறையில் தேய்த்துத் தேய்த்து ஒரு நாலணாக் காசின் கனம் குறைத்தார். சைலன்சர், உடைந்துபோன ஒரு மோட்டார் படகின் குழாய். அந்த வண்டி சந்துக்குள் திரும்பினால் பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றுவிடும்.

இத்தனை எடை குறைத்தவர் பின்னால் பார்க்கும் கண்ணாடிகளை மட்டும் கூட்டினார். உள்ளே ஒன்று, வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வலப்பக்கத்தது லாரிக்குப் போடுகிற பெரிய கண்ணாடி. போட்டியிலோ ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். பின்னால் வர யாருமில்லை. இதை யாராவது எடுத்துச் சொன்னால் ஜெகநாதன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பின்னால ஆளு இல்லன்னு ஒமக்கு யாரு சொன்னா?" என்று கேட்பார்.

போட்டி என்பது வருடத்துக்கு ஒருமுறை, குடியரசு தினத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடப்பது. சுண்ணாம்புக் கோட்டால் பாதை போட்டு, வளைவுக்கு வளைவு காலித் தார் டிரம்களை நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு டிரம்மின் மேலும் ஒரு சின்னக் கொடி. டிரைவர் பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. வண்டி சுற்றி வளையும்போது அவர் கையை வெளியே நீட்டி ஆறு கொடிகளையும் பிடுங்க வேண்டும். டிரம்மைத் தட்டினால் ஐந்து விநாடி அபராதம்; கொடியை விட்டால் பத்து. யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை. பெரிய கோப்பை ஒன்றுமில்லை, பித்தளைக்கு முலாம் பூசியது. ஆனால் கமிட்டியில் ஒரு விதி வைத்திருந்தார்கள்: தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தவன் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் போட்டிக்கு ஜெகநாதன் தயாராகும் விதமே தனி. பெட்ரோல் கப்பலில் வருவதால் அதில் உப்புத் தண்ணீர் கலந்திருக்கும் என்று ஒரு பழைய மான்தோலில் ஊற்றி இரண்டு முறை வடிகட்டுவார். வடிகட்டியதை பாட்டிலில் நிரப்பி வெயிலுக்கு நேரே பிடித்து, நீலாவதியைக் கூப்பிட்டு, "அடியில ஏதாச்சும் தெரியுதா?" என்பார். அந்த அம்மாள் இல்லை என்றால், "நல்லாப் பாரு" என்பார். கமிட்டிக்காரரின் ஸ்டாப் வாட்சை ஒருமுறை கெஞ்சி வாங்கி, டிரான்சிஸ்டரில் செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' ஒலியோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. "எங்கிட்ட குடுக்கப்போ சரியாத்தான் வச்சிருப்பான்" என்றார். போட்டி நாளில் மைதானத்து டீயைத் தொடமாட்டார். வீட்டு ஃபிளாஸ்க்தான்.

துணை சீட்டில் யாரை உட்கார வைப்பது என்பது முதல் வருடம் பெரிய பிரச்சினையாக இருந்தது. பட்டறை ஆட்கள் நாலு பேர் ஆசைப்பட்டு வந்தார்கள். நாலு பேரும் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் நீலாவதியை ஏற்றினார். ஊரே சிரித்தது, ஆனால் அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகிக்கொண்டு, இடது கையைக் கதவுக்கு வெளியே நீட்டி, ஆறு கொடிகளையும் கறிவேப்பிலை உருவுவதுபோல உருவி மடியில் போட்டுக்கொண்டு வந்தபோது சிரிப்பு நின்றது. வண்டி குறைத்த விநாடிகளைவிட அந்தக் கை குறைத்த விநாடிகள் அதிகம் என்று மைதானத்தில் பேச்சு. ஜெகநாதனும் அதை ஒப்புக்கொள்வார், மனைவி இல்லாதபோது.

அப்படியும் இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை கண்ணையாவுக்குப் போயிற்று. முதல் வருடம் மூன்று விநாடி வித்தியாசம். அடுத்த வருடம் ஒரே விநாடி.

கண்ணையா அரசு பஸ் டிரைவர். தீவிலேயே பிறந்தவன், தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். பேச்சில் பாதி இந்தி, மீதியில் பாதி தமிழ். பட்டாளத்தார் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை ஓட்டினான். யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைத்தான் ஜெகநாதனால் தாங்கமுடியவில்லை. "ஜெயிச்சவன் சிரிச்சா சரி. இவன் ஜெயிக்கதுக்கு முந்தியே சிரிக்கான். என்னத்தையோ செஞ்சு வச்சிருக்கான்" என்பார். கண்ணையாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு புகையிலை டப்பா இருக்கும். உள்ளே புகையிலை இராது. விதவிதமான கோட்டர் பின்கள். நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே செருகி மடக்கிவிடுகிற இரும்பு ஊசிகள். பஸ் ஓட்டுகிறவனுக்கு அவ்வளவு பின் எதற்கு என்று ஜெகநாதன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், தமக்குள்ளேயே.

சென்ற ஜனவரியில் கண்ணையா மூன்றாவது முறை ஜெயித்தால் கோப்பை அவன் வீட்டு அலமாரிக்கு நிரந்தரமாகப் போய்விடும். ஜெகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலன்றுகூட காருக்கு அடியில்தான் கிடந்தார்.

போட்டிக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில் பட்டறை வாசலில் காரை நிறுத்தி, முன் இடது சக்கரத்தைக் கழற்றி, கிரீஸ் போட்டு மறுபடி மாட்டினார். சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருப்பது நடுவில் இருக்கும் பெரிய நட்டு. அதை அதிகம் முடுக்கினால் சக்கரம் இறுகிச் சுற்றாது; தளர விட்டால் ஆடும். முதலில் கையால் திருகி ஏற்ற வேண்டும், பிறகு ஸ்பானர் போட்டு அளவாக முடுக்க வேண்டும், குறுக்கே கம்பி செருக வேண்டும், கடைசியாகத்தான் கோடு. இருபது வருடமாக அதுதான் வரிசை. அன்றைக்குப் பார்த்துப் பெயின்ட் டப்பா காற்றில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. காய்ந்துவிடப் போகிறதே என்று, கையால் மட்டும் திருகியிருந்த நட்டின் மேல் கோட்டை முதலில் இழுத்துவிட்டு ஸ்பானருக்குக் கை நீட்டினார். அந்த நேரம் சைரன் ஊதியது. ஏதோ ஒரு கப்பல் பம்பு பழுதாகி வந்து நின்றிருந்தது. ஜெகநாதன் தகர மூடியை நட்டின் மேல் தட்டிவிட்டு ஓடினார். மாலையில் திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தபோது கோடு முழுசாக இருந்தது. "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஃபீனிக்ஸ் பே சரிவில் அவருடைய கார் இறங்கும்போது எதிரே பஸ் ஓட்டிக்கொண்டு வந்த கண்ணையா பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, முன்னாடி சக்கரம் ஆடுது. லெஃப்ட் சைடு. தேக் லோ ஏக் பார்."

"ஒன் வண்டிய நீ பாரு" என்றார் ஜெகநாதன்.

"மஜாக் நஹி அண்ணே. நெஜமா ஆடுது."

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெகநாதன் கியரை மாற்றி, சைலன்சர் இல்லாத சைலன்சரை உறுமவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "பயமுறுத்திப் பாக்கான். நான் ராத்திரி பூரா சக்கரத்தக் கழத்தி மாட்டித் தூக்கம் கெடணும், ஞாயித்துக்கெழம கண்ணு சொக்கணும். அதான் திட்டம்" என்றார்.

"ஒரு வாட்டி பாத்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்றார் நீலாவதி.

"கோடு சரியா இருக்கு."

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தார். கோடு துண்டாகியிருந்தது.

ஜெகநாதன் மூடியைக் கீழே வைத்தார். அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததை மறைக்க முடியாது. இருபது வருடமாகக் கோடு போட்டவருக்கு முதல் தடவையாக ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. குனிந்து ஆராய்ந்தார். நட்டு கால் சுற்று முடுக்கப்பட்டிருந்தது. குறுக்கே ஒரு புதிய இரும்புப் பின், இரண்டு காலும் சீராக மடக்கி. ஜெகநாதன் ஒருநாளும் இரும்புப் பின் போடுவதில்லை. பட்டறைச் செம்புக் கம்பிதான் போடுவார். தம்முடைய கம்பியை உருவி எறிந்துவிட்டுக் கண்ணையா இதைச் செருகியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். இந்தச் சக்கரத்துக்குக் கம்பி போட்டோமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். தம்மை ஒருவரை மட்டும் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை.

"பாத்தியா நீலா. தளத்திவிட்டா நான் கண்டுபிடிச்சிருவேன்னு இறுக்கி வச்சிருக்கான். சக்கரம் பிடிக்கணும், வண்டி இழுக்கப்படாது. அந்த ஒரு விநாடி அவனுக்கு வேணும்" என்றார். பின்னை உருவி எடுத்து, கமிட்டிக்காரரிடம் காட்டுவதற்காகப் பேப்பரில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்பானரைப் போட்டு நட்டைப் பின்னால் திருப்பி, துண்டான கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றாகச் சேரும் வரை கொண்டுவந்து நிறுத்தினார். கைக்கு நட்டு லேசாகத்தான் இருந்தது. இருபது வருடத்துக் கை, அது சொல்லாமல் இல்லை. அவர் கோடு சொன்னதைக் கேட்டார். செம்புக் கம்பியைச் செருகி, முறுக்கி, மூடியைத் தட்டினார்.

நீலாவதி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணையாவே வந்து ஆடுதுன்னு சொன்னானே. கெடுக்கணும்னு நெனக்கவன் சொல்லிட்டா கெடுப்பான்?" என்று கேட்டார். ஜெகநாதன் நல்ல பதிலாக ஒன்று தேடினார். "அதுக்குத்தாம் சொல்லுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மைதானத்துச் செம்மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. குலுக்கலில் ஜெகநாதனுக்கு ஆறாவது எண்; கண்ணையாவுக்கு எட்டு. அதுவரை ஓடியவர்களில் சிறந்த நேரம் ஒரு நிமிஷம் ஒன்பது விநாடி. கொடி அசைந்ததும் மோரிஸ் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கிளம்பியது. முதல் டிரம், இடது வளைவு, நீலாவதியின் கை போய் வந்தது. இரண்டு. மூன்று. அந்த நாள் போல அந்த வண்டி ஓடியதில்லை என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஐந்தாவது கொடி மடியில் விழுந்தபோது நாற்பத்தெட்டு விநாடி. கோப்பையைக் கையில் எடுத்துவிட்ட மாதிரிதான்.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில்தான் பாதை வலப்பக்கம் வெட்டித் திரும்புகிறது. ஜெகநாதன் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டியின் பாரம் முழுக்க இடது முன்சக்கரத்தில் இறங்கியது. ஆறாவது கொடிக்காக நீலாவதி தோள் வரை வெளியே நீட்டியிருந்தார். செம்புக் கம்பி அறுந்தது யாருக்கும் கேட்கவில்லை. சக்கரம் மட்டும் தன்பாட்டுக்கு முன்னால் உருண்டு போவதை ஜெகநாதன் பார்த்தார். அது தம்முடையது என்று விளங்குவதற்குள் வண்டி இடப்பக்கம் சரிந்து, அச்சு மண்ணை உழுதுகொண்டு போய், தார் டிரம்மில் இடித்து நின்றது.

டிரம்முக்கும் கதவுக்கும் நடுவில் நீலாவதியின் கை இருந்தது.

 அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெகநாதன் இறங்கி ஓடி வந்து கதவைப் பிய்த்துத் திறந்து மனைவியை வெளியே கொண்டுவந்தார்.  அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஓடிப்போன சக்கரத்தை உருட்டியபடி கண்ணையா வந்தான். ஜெகநாதன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"எம் வண்டியத் தொட்டியால? சொல்லு, தொட்டியா இல்லியா?"

"தொட்டேன் அண்ணே" என்றான் கண்ணையா. "நேத்து மத்தியானம் உங்க பட்டறை கேட்டாண்ட வண்டி நின்னுச்சு. சொன்னா நீங்க கேக்கல. நட்டு கை லூசுல இருந்துச்சு, பின் எதுவும் இல்ல. டைட் பண்ணி என் பின் போட்டேன். வோ பின் எங்க போச்சு, அண்ணே?"

ஜெகநாதன் அவன் சட்டையை விட்டார். சைரன், காய்ந்துபோகிற பெயின்ட், ஓட்டம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.  நீலாவதி உடைந்த கையை மார்போடு அணைத்தபடி, நல்ல கையை நீட்டிக் கணவருடைய சட்டைப்பையிலிருந்து பேப்பர் மடிப்பை எடுத்தார். பல்லால் பிரித்தார். பின்னைக் கண்ணையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா தம்பி. பத்திரமாத்தான் வச்சிருந்தாவ" என்றார்.

கண்ணையா அதை டப்பாவில் போட்டுக்கொண்டு, "சலோ அக்கா, ஆஸ்பத்திரி" என்று ஜீப்பைக் கிளப்பினான். ஏழாவது வண்டி அப்போதுதான் கோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்தது அவனுடைய முறை. கமிட்டிக்காரர் ஒலிபெருக்கியில் அவன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போதும் அது காற்றில் கேட்டது. பின்னால் மனைவியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெகநாதன், டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடரியில் வருத்தம் தெரிகிறதா என்று தேடினார். கோப்பை அந்த வருடம் ஒரு மரக் கான்ட்ராக்டருக்குப் போயிற்று.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டு முடியும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஜெகநாதன் கேட்டார்: "எதுக்குல செஞ்ச?"

கண்ணையாவுக்குக் கேள்வி புரியவில்லை. "எதுக்குன்னா? வீல் ஆடிச்சு அண்ணே" என்றான்.

நீலாவதி அடுத்த கப்பலிலேயே கட்சால் தீவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ரப்பர் தோட்டத்தில் அவருடைய தம்பி வேலை பார்க்கிறார். கோபித்துக்கொண்டு போகவில்லை, கை ஆறும்வரை போகிறேன் என்றுதான் சொன்னார். மூன்று மாதம் ஆயிற்று. ஜெகநாதன் தாமே சமைத்து, தாமே கழுவி, பின் சீட் சோபாவில் படுத்துத் தூங்கினார். பெட்ரோல் பாட்டிலை வெயிலில் பிடித்து, "அடியில ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் கீழே வைத்தார். தனியாக இருந்த அந்த மூன்று மாதத்தில் மனிதருக்கு வெட்கம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிற்று. ஒரு நாள் வேலை முடிந்து பஸ் நிலையம் வரை நடந்து போனார், கண்ணையாவிடம் ஏதோ சொல்வதற்காக. அவன் "ஆயியே அண்ணே" என்று சிரித்ததும், டைம் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

நீலாவதி ஏப்ரலில் வந்தார். கை கூடிவிட்டது, மழை வருவதற்கு முந்தின நாள் மட்டும் வலிக்கும். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மோரிஸின் அச்சு சரியாகி, புதிய பெயின்ட் பூசி, இந்த ஜனவரி நெருங்கியபோது ஜெகநாதன்தான் மெல்ல ஆரம்பித்தார். கமிட்டியில் பெயர் கொடுக்க வேண்டும், துணை சீட்டுக்கு வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்றார்.

"வேற ஆளு எதுக்கு, நான் வாரேன்" என்றார் நீலாவதி. ஜெகநாதன் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. சக்கரம் நாலையும் கண்ணையா முடுக்கணும். கோடும் அவன் கையால போடணும். நீங்க கிட்ட நிக்கப்படாது. சம்மதம்னா ஏறுதேன். இல்லன்னா இந்தச் சீட்ட எடுத்துட்டு அரிசி மூட்டையக் கெட்டிக்கிட்டு ஓட்டுங்க."

மூன்று நாள் போயிற்று. காலையில் நூற்றுப் பன்னிரண்டு "ம்" மட்டும் கேட்டது. நாலாவது நாள் புகையிலை டப்பாவோடு கண்ணையா சந்துக்குள் வந்து நின்றான். எப்படிக் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மாலை. மோரிஸ் வீட்டு வாசலில் நிற்கிறது. ஜெகநாதன் ஸ்பானரையும் சிவப்பு பெயின்ட் டப்பாவையும் கண்ணையாவிடம் கொடுக்கிறார். டப்பாவை விடுவதற்குக் கை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. நீலாவதி வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "கிட்ட நிக்காதீங்க" என்கிறார், தலை நிமிராமல். ஜெகநாதன் போய் டிரைவர் பலகையில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்காருகிறார்.

கண்ணையா முன்சக்கரங்கள் இரண்டையும் முடித்துவிட்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு வந்து குந்துகிறான். லாரிக் கண்ணாடியில் அவன் முழுசாகத் தெரிகிறான்: ஸ்பானர், கை, நட்டு, தீக்குச்சி முனையில் சொட்டப் பார்க்கும் சிவப்பு. முதலில் முடுக்குகிறானா, முதலில் கோடு போடுகிறானா என்பதுகூடத் தெரியும். ஜெகநாதனின் கண் அங்கே போகிறது. சுவருக்குத் திரும்புகிறது. மறுபடி போகிறது.

ஸ்பானர் நட்டில் உட்காரும் சத்தம் கேட்டதும் அவர் கையை வெளியே நீட்டி, அந்தக் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து, அது வானத்தை மட்டும் காட்டும்படி மேலே திருப்பி வைக்கிறார்.